வழியும் கட்டுச்சோறும்

நெடுவழி செல்வோர்க்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புதல் நம் நாட்டுப் பழைய வழக்கம். மகன் வெளியூர் புறப்படும்பொழுது, 'இடைவழியில் பசித்தால் பிள்ளை என் செய்வான்!' என்றே தாய் முதலில் எண்ணுவாள். புளிச்சோற்றை வாழையிலையில் பொதிந்து, துணியில் கட்டி, அவன் கையிற் கொடுத்த பின்னரே அவள் மனம் அமைதியுறும். பாதை எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும், கையில் சோறில்லாதவன் பாதிவழியில் திரும்பி விடுவான் என்பதை அவள் அறிவாள்.

மாணவர்களே! கல்வியும் ஒரு நெடுவழியே. பள்ளியிறுதி வகுப்பு அவ்வழியின் முடிவன்று. இடையில் உள்ள ஒரு சாவடி. அச்சாவடியைக் கடந்து கல்லூரிக்கோ, பாலிடெக்னிக்கிற்கோ, மக்கள் ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ செல்ல விரும்பும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தனுப்புவது யாது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

மேற்கல்விக்கு ஆகும் பொருளை இரு கூறாகப் பகுத்துக் காணலாம். கட்டடம், ஆசிரியர், நூலகம், ஆய்வுக்கூடம், பொறிகள் ஆகியவற்றிற்குச் செல்வது ஒரு கூறு. மாணவர் உண்பதற்கும், உறைவதற்கும், போய்வருவதற்கும் ஆவது மற்றொரு கூறு. முன்னதை வழி எனலாம். பின்னதைக் கட்டுச்சோறு எனலாம். நகரத்தில் வாழும் பிள்ளை தன் வீட்டில் உண்டு, அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று, மாலையில் வீடு திரும்புகின்றான். அவனுக்கு வழி அமைந்தாலே பெரும்பாலும் போதும். சிற்றூர்ப் பிள்ளையின் நிலை வேறு. விடியற்காலையில் வரும் முதற் பேருந்தை விட்டால் அவனுக்கு அன்றைய வகுப்பு இல்லை. அந்நேரத்தில் அவன் வீட்டில் உலை வைத்திரார்கள். நண்பகலில் உணவு விடுதியில் உண்ணக் கையில் காசு இராது. மாலைப் பேருந்து தவறினால் வீடு சேர இரவாகிவிடும். பெண்பிள்ளையாயின், அவ்வாறு இருமுறை நேர்ந்தால் மூன்றாம் முறை அவளைப் படிக்க அனுப்பப் பெற்றோர் அஞ்சுவர்.

இவையன்றிக் கண்ணுக்குப் புலனாகாத செலவு ஒன்றும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை கூலிவேலைக்குச் சென்றால் அன்று மாலையே காசு வீடு வந்து சேரும்; படிக்கச் சென்றால் அக்காசு வாராது. செல்வர் வீட்டில் இவ்விழப்பு உணரப்படுவதில்லை. நாட்கூலியால் அடுப்பெரியும் வீட்டிலோ அதுவே பெருஞ்செலவு. 'கட்டணம் வேண்டா' என்று கல்வி நிலையம் கூறியவுடனே கல்வி இலவசமாயிற்று என நாம் எண்ணி விடுகின்றோம். மகன் ஈட்டியிருக்கக் கூடிய கூலியை ஏழைத் தந்தை நாள்தோறும் கட்டணமாகச் செலுத்தி வருவதை நாம் காண்பதில்லை.

கற்பிப்போரைப் போலவே கற்போரையும் பேணவேண்டும் என்னும் உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உளது. பதினொன்றாம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அவ்வூரில் ஒரு கல்லூரி நிகழ்ந்ததை அவ்வூர்க் கோயிற் கல்வெட்டு அறிவிக்கின்றது. அங்கே 340 மாணவர் பயின்றனர். 14 ஆசிரியர் கற்பித்தனர். அக்கல்லூரிக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்க்கு மட்டுமன்றி, மாணவர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் இத்துணை நெல் என்று அளவு குறிக்கப்பட்டிருந்தமை நாம் கருதத்தக்கது. உணவுக்கு நெல் அளக்காமல் பாடம் நடவாது என்பதை அவ்வூர்ச் சபையார் கல்லிலேயே பொறித்து வைத்தனர்.

ஆயினும், பழம்பெருமை பேசுமிடத்து உண்மையை மறைத்தல் ஆகாது. எண்ணாயிரத்துக் கல்லூரியில் பயிலப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் சாத்திரமுமே. அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. அந்த 45 வேலியிலும் உழுது, விதைத்து, அறுத்து, நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்த உழவரின் மக்கள் அக்கல்லூரியின் திண்ணையில் அமர்ந்து எழுத்தறிந்திருப்பர் என்று நம்புதற்கு இடமில்லை. ஆதலின் அவ்வூரிலிருந்து நாம் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உண்டு. கற்போர்க்கு உணவளித்த முறையைக் கொள்ளவேண்டும். சிலர்க்கே அளித்த குறையைத் தள்ளவேண்டும். நெல் விளைத்தவன் மகனுக்கும் அந்நெல்லில் பங்கு உண்டு என்பதே இக்காலத்து அறம்.

யான் தமிழ் கற்ற கதையும் இதனோடு ஒட்டியதே. எங்கள் ஊரில் அந்நாளில் உயர்நிலைப் பள்ளியும் இல்லை. குத்தகை நிலத்தில் உழைத்த என் தந்தையார்க்கு மக்கள் ஐவர். ஒரு திருமடத்தைச் சார்ந்த தமிழ்க் கல்லூரியில் புலவர் வகுப்பிற்கு என்னைச் சேர்த்துக்கொண்டனர். அங்கே கட்டணம் இல்லை என்று கேட்டபொழுது என் தந்தையார் மகிழவில்லை. இருவேளை உணவும் உறைவிடமும் உண்டு என்று கேட்ட பின்னரே அவர் முகம் மலர்ந்தது. அம்மடத்துச் சோறு இல்லையாயின் தொல்காப்பியம் எனக்கு எட்டாத கனியாகவே இருந்திருக்கும். கற்றவை பல காலப்போக்கில் மறந்து போயின. பந்தியில் அமர்ந்து உண்ட அச்சோற்றின் சுவை மறக்கவில்லை.

அங்ஙனம் கற்று ஆசிரியனான யான் என் மாணவன் ஒருவனுக்குச் செய்த பிழையை இங்குக் கூறவேண்டும். பிறர்க்குப் பயன்படுமாயின் தன் பிழையைத் தானே சொல்லுதல் குற்றமாகாது. இது 1990-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. அம்மாணவன் பாடங்களில் நடுத்தரம், கைத்திறத்திலோ முதல்தரம். பள்ளிக்கூடத்து நீரேற்றும் பொறி பழுதுபட்டால், நகரத்திலிருந்து ஆள் வருமுன் அவனே அதனை இயக்கி விடுவான். பத்தாம் வகுப்பில் தேறியபின், மாவட்டத் தலைநகரிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணிப் பிரிவில் அவனுக்கு இடம் கிடைத்தது. என்னிடம் விடைபெற வந்தான். யான், "தம்பி, நன்றாகத் தமிழ் எழுதும் நீ திருப்புளி பிடிக்கவா போகின்றாய்? மேல்நிலை வகுப்பில் சேர்ந்து கல்லூரிக்குச் செல்லும் வழியைப் பார்" என்றேன். அவன் தலை குனிந்து, "சரிங்க ஐயா" என்று கூறிச் சென்றான். எனினும் பயிற்சி நிலையத்திலேயே சேர்ந்தான்.

மூன்றாம் திங்களில் அவன் திரும்பி வந்தான். விடுதியில் இடமில்லை. போகவும் வரவும் இரண்டிரண்டு பேருந்துகள். அவ்வேளையில் அவன் தந்தை மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். மாதம் இருநூறு ரூபாய் உதவியிருப்பின் அவன் பயிற்சியைத் தொடர்ந்திருப்பான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவன் தாயார் வாயிலாக அறிந்தேன். "உங்களைக் கேட்கலாம் என்று வீட்டு வாசல்வரை வந்தானுங்க ஐயா, கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி விட்டான்" என்றார் அவ்வம்மையார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பின்னர் எண்ணிப் பார்த்தால், அவன் கேட்கும்படி யான் நடந்துகொள்ளவில்லை என்பது விளங்கிற்று. அவன் விரும்பிய கல்வியை இழிவாகப் பேசிய ஆசிரியனிடம் அக்கல்விக்கு உதவி கேட்க எந்தப் பிள்ளைக்கு நாவெழும்? மடத்துச் சோறுண்டு கற்றவன் இன்னொரு பிள்ளையின் கட்டுச்சோற்றைப் பற்றி எண்ணாமல் இருந்துவிட்டேன். அவன் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றான். உழைத்து நன்றாகவே வாழ்கின்றான். ஆனால், அவன் கற்றிருக்கக் கூடிய தொழில் கற்கப்படாமலே போயிற்று.

இப்பிழை என்னோடு முடிந்ததன்று. ஏடு பிடிக்கும் கையை உயர்வாகவும் கருவி பிடிக்கும் கையைத் தாழ்வாகவும் கருதுதல் நம்மிடையே வேரூன்றிய தீய வழக்கம். அதன் விளைவாகப் பட்டப் படிப்பிற்குக் கொடை வழங்குவோர் பலராகவும், தொழிற்பயிற்சிக்குக் கொடை வழங்குவோர் சிலராகவும் உள்ளனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை நாவால் சொல்லிக்கொண்டே, கறிக்கு உதவும் சுரைக்காயை விளைப்பவனை நாம் மதியாதிருக்கின்றோம்.

பொதுப்பணத்தைக் கொண்டு பசியைப் போக்கிக் கல்வியை வளர்த்த வரலாறு நம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காமராசர் பள்ளிகளில் மதிய உணவு அளிக்கச் செய்தார். 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தொடங்கப்பெற்றது. சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்களா என்று தொடக்கத்தில் ஐயுற்றோர் உண்டு. வந்தார்கள், படித்தார்கள், அவர்கள் மக்களும் இன்று படிக்கின்றார்கள். ஆனால், சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்று விடுகின்றது. பிள்ளையின் பசி பத்தாம் வகுப்போடு நிற்பதில்லையே!

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் அண்மையில் தோன்றின. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு வழங்கப்பெற்று வந்த உதவி, 2022-ஆம் ஆண்டில் அவர்தம் மேற்கல்விக்குரிய உதவியாக மாற்றியமைக்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்பிள்ளைகளுக்கு, பட்டப் படிப்பாயினும் தொழிற்பயிற்சியாயினும், திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் அளிப்பது என அத்திட்டம் வகுக்கப்பட்டது. அதுவே புதுமைப்பெண் திட்டம். 2024-ஆம் ஆண்டில் ஆண்பிள்ளைகளுக்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கிற்று. மணப்பந்தலுக்கென இருந்த பணம் பாடசாலைக்குத் திரும்பியது சிறு செய்தியன்று. திங்களுக்கு ஆயிரம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பத்துமூன்று ரூபாய். செல்வர்க்கு இது தேநீர்ச் செலவு. சிற்றூர் மாணவிக்கோ இது பேருந்துச் சீட்டும் ஒருவேளை உணவும் ஆகும். இவ்வகை உதவியின் பெருமை அதன் தொகையில் இல்லை. பெற்றோரிடம் கைநீட்டாமல் நாளைய வகுப்பிற்குச் செல்லலாம் என்னும் உறுதியில் உளது.

2021-22-ஆம் ஆண்டிற்குரிய அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை உள்ளோரில் உயர்கல்வி பெறுவோரின் விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. இந்தியா முழுமைக்கும் 28.4. இதனைக் கண்டு நாம் மகிழலாம்; ஆனால் மகிழ்ந்து அமைந்துவிடலாகாது. வாயிலுக்கு வெளியே நிற்போரும் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆவர். அவர்களை உள்ளே அழைக்கப் புதிய கட்டடங்கள் மட்டும் போதா. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்பத்திற்கேற்பப் புதுக்குவதற்கு ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் அளவிலான திட்டம் 2022-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வேண்டிய செலவே அது. ஆயின், விலையுயர்ந்த பொறியின் முன் நிற்கவேண்டிய மாணவன் பேருந்துக் காசின்றி வீட்டில் இருப்பானாயின் அப்பொறி யாருக்கு? யானையை வாங்கியவன் அங்குசத்திற்குக் கணக்குப் பார்த்தல் அறிவுடைமை ஆகாது.

'வங்கிக் கடன் இருக்கின்றதே. படித்து வேலை பெற்றபின் திருப்பிச் செலுத்தலாமே' என்பர் சிலர். நாடு தழுவிய கல்விக்கடன் திட்டம் 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதனால் பயனுற்றோர் பலர் என்பதை யான் மறுக்கவில்லை. மாதச் சம்பளம் வரும் குடும்பத்திற்கு அது நல்ல துணை. ஆனால், மழையை நம்பி வாழும் குடும்பத்திற்குக் கடன் என்னும் சொல்லே நடுக்கம் தருவது. விதைக்குக் கடன், உரத்திற்குக் கடன், மருந்துக்குக் கடன் என்று ஏற்கெனவே சுமந்து நிற்போர் தோளில் கல்விக்கும் ஒரு கடனை ஏற்றுதல் தகுமோ? ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்கும் ஈராண்டுப் பயிற்சிக்கும் பெருங்கடன் வேண்டுவதில்லை. வேண்டுவது சிறுதொகை, அதுவும் உரிய நாளில் வேண்டும். ஆடியில் விதைக்க வேண்டியவனுக்குத் தையில் விதைநெல் கொடுப்பதனால் பயன் யாது? கல்லூரி திறக்கும்பொழுது வேண்டிய உதவித்தொகை தேர்வு முடிந்தபின் வருமாயின், அது கணக்கேட்டில் செலவாகவும் மாணவன் வாழ்வில் இன்மையாகவும் நிற்கும்.

கட்டுச்சோறு கொடுத்தல் ஒருபுறம் இருக்க, வழியைச் சுருக்குதலும் நம் கடமை. கல்வி நிலையங்கள் யாவும் நகரத்தில்தான் இருத்தல் வேண்டுமோ? இராதாகிருட்டிணன் தலைமையில் 1948-49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, நாட்டுப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில், சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனாரும் 1947-இல் தொடங்கிய தொண்டின் பயனாக, 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் ஒன்று தோன்றியது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சிற்றூர்ச் சூழலிலும் உயர்கல்வி தழைக்கும் என்பதற்கு அதுவே சான்று. கருநாடகத்து உசிரே என்னும் ஊரில் 1982-இல் தொடங்கிய ஊரகத் தன்தொழிற் பயிற்சி நிலையமும் அத்தகையதே. பின்னாளில் நாடெங்கும் மாவட்டந்தோறும் வங்கிகளின் துணையோடு இத்தகைய நிலையங்கள் அமைவதற்கு அது முன்மாதிரியாயிற்று.

கற்பிக்கும் தொழிலும் ஊரோடு பொருந்துதல் வேண்டும். இன்றைய சிற்றூரைப் பாருங்கள். கிணறுதோறும் மின்பொறி, வீடுதோறும் கைப்பேசி, வயலில் அறுவடைப் பொறி, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய், கூரைமேல் கதிரவன் ஒளியால் மின்சாரம் தரும் தகடு. இவை பழுதுற்றால் செப்பனிடுவோர் எங்கிருந்து வருகின்றனர்? பெரும்பாலும் வெளியூரிலிருந்தே வருகின்றனர். வேலை ஊருக்கு வந்துவிட்டது. அவ்வேலையைக் கற்கும் வாய்ப்பு வரவில்லை. இவற்றைச் செப்பனிடும் தொழிலும், கால்நடை பேணும் தொழிலும், விளைபொருளைக் கெடாது காத்து விற்கும் தொழிலும் ஒன்றியந்தோறும் கற்பிக்கப்படுமாயின், பயின்ற பிள்ளை விரும்பினால் ஊரிலேயே வாழலாம். விரும்பினால் வெளியே செல்லலாம். தகப்பன் தொழிலே மகன் தொழில் என்று கட்டுவதும் தவறு. ஊரைவிட்டு ஓடினால்தான் பிழைப்பு என்று துரத்துவதும் தவறு. தெரிந்தெடுக்கும் உரிமையைத் தருவதே கல்வி.

இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வரும்? முதற்கடமை அரசினுடையதே. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிடவேண்டும் என்று 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு கூறிற்று. பின்வந்த தேசியக் கல்விக் கொள்கைகளும் அவ்விலக்கையே வழிமொழிந்தன. அதனை நாடு இன்னும் எட்டவில்லை. அவ்விலக்கை நோக்கிச் செல்லுங்கால், சிற்றூர்ப் பிள்ளையின் உணவும் விடுதியும் போக்குவரத்தும் முதற்பந்தியில் அமரவேண்டும்.

இரண்டாம் கடமை ஊராருடையது. பள்ளிக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை முதியோர் அறிவர். ஊர்மக்கள் தாமே முன்வந்து நிலமும் பொருளும் தளவாடமும் பள்ளிகளுக்கு வழங்கினர். பொருளில்லாதோர் உழைப்பை வழங்கினர். அவ்வுணர்வு இன்று மேற்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் திரும்பவேண்டும். ஊர்த் திருவிழாவிற்கு வரி எழுதுகின்றோம். வாணவேடிக்கைக்குப் பணம் திரட்டுகின்றோம். வெளியூரில் பயிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் இடையில் நின்றோர் யாவர் என்று ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஊர் கூடிக் கேட்பதுண்டோ? அரசின் கை நீண்டதாயினும் அதற்குக் கண் தொலைவில் உளது. ஊராரின் கை சிறிதாயினும் கண் அருகில் உளது. தந்தை கால் முறிந்து கிடக்கும் வீட்டை முதலில் அறிவது ஊரேயன்றோ?

'எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் இளைஞர் சோம்பராவர்' என்று கூறுவோர்க்கும் விடை கூறவேண்டும். கட்டுச்சோறு பெற்றவன் நடக்காமல் இருந்துவிடுவதில்லை. நடப்பதற்காகவே அதனைப் பெறுகின்றான். வழிநடைத் துன்பம் அவனுடையதே. விடியுமுன் எழுதலும், வகுப்பில் கருத்தூன்றலும், கருவியொடு பழகித் தேர்தலும் அவன் உழைப்பே. உதவித்தொகை அவன் உழைப்பிற்கு மாற்றன்று. அவ்வுழைப்பு வீணாகாமல் காக்கும் வரப்பு. வரப்பிட்ட வயலைச் சோம்பேறி வயல் என்று எவரேனும் கூறுவரோ?

மாணவர்களே! உங்களுள் சிலர் கல்லூரிக்குச் செல்வீர்கள்; சிலர் தொழிற்பயிற்சி நிலையத்திற்குச் செல்வீர்கள். இரண்டும் ஒரே வழியின் இரு கிளைகள் என்று உணருங்கள். கருவி பிடிக்கும் தோழனை ஏடு பிடிப்பவன் இகழாதிருக்க. கையில் காசில்லாமையால் நின்றுவிட நேர்ந்தால் கேட்பதற்கு நாணாதீர்கள். நாணவேண்டியவர்கள் நீங்கள் அல்லீர். நாளை நீங்கள் ஈட்டத் தொடங்கியபின், உங்கள் ஊரில் ஒரு வாசல்வரை வந்து கேட்காமலே திரும்பும் பிள்ளை எவனேனும் உளனா என்று பாருங்கள். அவனை நீங்களே சென்று அழையுங்கள். யான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களாக.